கிராம்பைக் கடித்தால் பல்வலி ஏன் அடங்குகிறது? சமையலறை மருந்துகள் – ஓர் எளிய அறிமுகம்

நள்ளிரவுப் பல்வலியைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஒருமுறை வந்தது. கீழ் வரிசைக் கடைவாய்ப்பல். படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. விடிய இன்னும் ஐந்து மணி நேரம். சமையலறைக்குப் போய் ஒரு கிராம்பை எடுத்து, அந்தப் பல்லின் மேல் வைத்து மெதுவாகக் கடித்தேன். முதலில் சுரீரென்று ஒரு காரம், வாய் நிறைய எச்சில். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போனது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் கண்ணயர முடிந்தது.

மறுநாள் பல் மருத்துவர் சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, வெள்ளையாக ஒரு பசையைக் குழைத்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். வாயெல்லாம் அதே கிராம்பு மணம். என்னவென்று கேட்டேன். துத்தநாக ஆக்சைடுப் பொடியை யூஜெனாலில் குழைத்தது என்றார். யூஜெனால் வேறொன்றும் இல்லை, கிராம்பு எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை இருப்பது அதுதான். நான் இரவில் கடித்ததையும் அவர் பகலில் வைத்ததையும் ஒரே பொருள்தான் இணைத்தது.

யூஜெனால், வலிச் செய்தி நரம்பு வழியாக ஓடுவதைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. சில கிருமிகளையும் அடக்குகிறது. ஆனால் சொத்தையை அது ஒன்றும் செய்வதில்லை. பல்லில் விழுந்த குழி அப்படியேதான் இருக்கும். கிராம்பு அந்த இரவைக் கடத்தித் தந்தது, பல்லைக் குணப்படுத்தியது மருத்துவரின் கைதான்.

சமையலறை மருந்து எதைப் பற்றி யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்டால் போதும் என்பது அன்றிலிருந்து என் பழக்கம். இந்தப் பொருளுக்குள் வேலை செய்வது எது? அதை எப்படி வெளியே எடுப்பது? அது எதுவரை வேலை செய்யும்? "இஞ்சி நல்லது, மஞ்சள் நல்லது" என்று நீளமாகப் பட்டியல் போடுவதை விட, இந்த மூன்றும் புரிந்தால் எந்தப் பொருளையும் நாமே எடைபோட்டுவிடலாம்.

செடிக்கு எதற்கு இந்தக் காரம்?

பூச்சி கடித்தால் செடி எழுந்து ஓட முடியாது. பூஞ்சை படர்ந்தால் தட்டிவிடக் கை கிடையாது. அதனால் வேண்டாதவர்களை விரட்டவும் கிருமிகளை அடக்கவும் தன் இலையிலும் விதையிலும் பட்டையிலும் கிழங்கிலும் சில வேதிப்பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நமக்கு மணமாகவும் காரமாகவும் கசப்பாகவும் தெரிவது பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புப் பொருள்களே. ஒரு புழுவைக் கொல்லும் அளவு நமக்கு ஒரு சிட்டிகை ருசி. அளவு கூடினால் நமக்கும் அது விஷமாகலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி வேதியியல்படியும் சரியாக இருக்கிறது.

காரம் என்பது நாக்கு அறியும் சுவையே இல்லை. நம் நரம்பு முனைகளில் சூட்டை உணர்கிற ஒரு வாசல் இருக்கிறது. டிஆர்பிவி1 என்று பெயர். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயில் உள்ள கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாதபோதும் அதே வாசல் திறந்துவிடும். அதனால்தான் காரம் பட்டால் "எரிகிறது" என்கிறோம். 1997-ல் இந்த வாசலைக் கண்டுபிடித்துச் சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டுப் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ஆர்டெம் பட்டபூட்டியன்.

மிளகின் பைப்பரினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் இதே வாசலைத்தான் தட்டுகின்றன. உடம்பு உண்மையாகவே சூடு பட்டதுபோல் நடந்துகொள்கிறது. மூக்கில் நீர் ஒழுகும், கண் கலங்கும், வியர்க்கும். ஜலதோஷத்தில் மிளகு கலந்த சூடான பானம் குடித்ததும் மூக்கடைப்பு விட்டதுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கெட்டியாக இருந்த சளி இளகி வெளியே வருகிறது. வைரஸ் அதனால் சாவதில்லை. அது தன் ஒரு வாரம், பத்து நாளை முடித்துக்கொண்டுதான் போகும். அதுவரை நம்மைக் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட வைப்பதே மிளகின் பங்கு, அது சின்னப் பங்கும் இல்லை.

புதினா இதற்கு நேர் எதிர். அதில் உள்ள மென்தால் குளிர்ச்சியை உணர்கிற வேறொரு வாசலைத் திறக்கிறது. புதினா இலை மென்ற பிறகு சாதாரணத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் போல் இருக்கும். தண்ணீர் குளிரவில்லை. நரம்புதான் அப்படிச் சொல்கிறது.

நீரில் இறங்குவது, எண்ணெயில் கரைவது, ஆவியில் பறப்பது

வீட்டு மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர், பொருளுக்குள் இருப்பதை வெளியே எடுக்காமல் சக்கையைத்தான் குடித்திருப்பார்கள். இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

சோம்பு, சீரகம், ஓமம், கிராம்பு, ஏலக்காய், துளசி, புதினா இவற்றில் வேலை செய்வது மணத்தைத் தரும் எண்ணெய். அது லேசானது, சூடு பட்டதும் ஆவியோடு கிளம்பிவிடும். ஒரு பாத்திரத்தில் சோம்பைப் போட்டுத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் கமகமக்கும். நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் மூக்குக்கு வந்ததெல்லாம் தம்ளருக்கு வராமல் போனது. அதற்குப் பதிலாக, சோம்பை லேசாக நசுக்கி, கொதித்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். ஒரு துளியை விரலில் தொட்டு முகர்ந்தால் சோம்பு மணம் தூக்கலாக அடிக்கும். பறந்துபோக இருந்த எண்ணெய் அதில்தான் நிற்கிறது. அந்தத் துளிகளை மறுபடி தம்ளரிலேயே உதறிவிட வேண்டும்.

நசுக்குவதும் முக்கியம். விதைக்குள் எண்ணெய் தனித்தனி நுண்ணிய குழாய்களில் அடைபட்டிருக்கிறது. முழு விதையாகப் போட்டால் அது சாவகாசமாகத்தான் கசியும். ஒன்றிரண்டாக இடித்தால் போதும், மாவாக்க வேண்டியதில்லை.

பட்டை, வேர், சுக்கு போன்ற கெட்டியான பொருள்கள் வேறு ரகம். அவற்றைக் கொதிக்க வைத்தால்தான் சத்து இறங்கும். கஷாயம் என்று நாம் சொல்வது இதைத்தான். குறைந்த தீயில், மூடி போட்டு, பதினைந்து இருபது நிமிடம். மஞ்சளின் குர்குமின் எந்த வெந்நீருக்கும் மசியாது. அதற்குக் கொழுப்பு வேண்டும். வெந்தயமோ இந்த இரண்டிலும் சேராது. அதன் பலம் தண்ணீரில் ஊறி வழவழப்பாகும் நாரில் இருக்கிறது. அதைக் கொதிக்க வைத்து வடிகட்டி நீரை மட்டும் குடித்தால், வேண்டியதை வடிகட்டியிலேயே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஊறிய விதையோடு சாப்பிட வேண்டும், அல்லது பொடியாகக் கலக்க வேண்டும்.

இஞ்சியும் சுக்கும் ஒன்றா?

ஒரே கிழங்கு, ஆனால் ஒரே மருந்து இல்லை. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் ஜிஞ்சராலின் மூலக்கூறிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று, அது ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர், அதிலிருந்து வந்த சொல் இது. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலை விட அதிகம். பச்சை இஞ்சியைக் கடித்தால் ஒரு நீர்ப்பதம் கலந்த காரமும், சுக்கில் தொண்டையில் நின்று எரிகிற காரமும் தெரிவது இதனால்தான். சமைக்கும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி ஜிஞ்சரோன் என்ற இதமான, லேசான இனிப்பு மணமுள்ள பொருளாகிறது. ஆக, கிழங்கு ஒன்று, கைப்பக்குவத்தைப் பொறுத்து உள்ளே இருப்பது மூன்று விதம்.

வீட்டு மருந்துகளில் ஆய்வுகளின் துணை ஓரளவு நன்றாகவே உள்ள பொருள் இஞ்சி. அதுவும் குமட்டலுக்கு. கர்ப்பகாலக் குமட்டலுக்குச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் சுக்குப்பொடியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 1 கிராம் என்றால் ஏறக்குறைய அரை டீஸ்பூன். அதற்கு மேல் கூட்டினால் பலன் கூடும் என்று எண்ண வேண்டாம், நெஞ்செரிச்சல்தான் கூடும். கர்ப்பிணிகள் இதைக்கூட மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

பயணத்தில் தலைசுற்றி வாந்தி வருபவர்களும் இஞ்சியை முயன்று பார்க்கலாம். வண்டி கிளம்பி வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு எடுத்துப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். புரட்ட ஆரம்பித்துவிட்டால் வயிறு எதையும் கீழே அனுப்பாது.

மஞ்சள் கேட்கும் துணை

மஞ்சளைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். அதனாலேயே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மஞ்சள்பொடியில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 3 கிராம் என்று வைத்தால், அதில் குர்குமின் 90 மில்லிகிராம். அதிலும் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. உறிஞ்சியதையும் கல்லீரல் வேகமாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998-ல் பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று இதில் பிரபலம். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேருங்கள் என்று எல்லோரும் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது.

சரி, 20 மில்லிகிராம் பைப்பரின் ஏழெட்டு மிளகிலேயே கிடைத்துவிடும், அது எளிது. ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள்பொடி வேண்டும். இருபது டீஸ்பூனுக்கு மேல்! யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை. அதாவது ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த குர்குமின் செய்வதையெல்லாம் ஒரு தம்ளர் மஞ்சள்பால் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பால் தொண்டைக்கு இதம், அதிலுள்ள கொழுப்பு குர்குமினைக் கொஞ்சம் கரைக்கிறது, மிளகு கொஞ்சம் உள்ளே அனுப்புகிறது. இருமலில் இரவு படுக்கும் முன் அது தரும் ஆறுதல் உண்மை. அதைத் தாண்டிப் பெரிய நோய்களின் பெயரைச் சொல்லி யாராவது மஞ்சளைச் சிபாரிசு செய்தால் அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

அப்படியானால் செறிவூட்டிய குர்குமின் மாத்திரை வாங்கிவிடலாமே என்று தோன்றும். மஞ்சள் மாத்திரைகளை நாள்கணக்கில் எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. சமையலில் சேரும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். செறிவு கூடும்போது அது உணவு என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது.

காயத்தில் மஞ்சள்பொடி அப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குர்குமினுக்குக் கிருமிகளை அடக்கும் குணம் இருக்கிறது, ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் பொடி கிருமி நீக்கியது இல்லை. நாம் ஈரக்கையால் எத்தனை முறை அதைத் திறந்திருப்போம்! ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுவதுதான் காயத்துக்கு முதல் மருந்து. ஆழமான வெட்டிலும் தீக்காயத்திலும் பொடி எதையும் போடவே கூடாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும் வலி, காயத்தின் வலியை விடக் கொடுமையாக இருக்கும்.

பூண்டை நசுக்கினால் பத்து நிமிடம் பொறுங்கள்

தோலுரித்த முழுப் பூண்டுப் பல்லை மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக மணமே இருக்காது. கத்தி பட்டதும் குப்பென்று கிளம்பும். பூண்டுக்குள் அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தனித்தனியாக இருக்கின்றன. பல் உடையும்போது சுவர் இடிந்து இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. 1944-ல் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் அதைத் தனியே பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அடக்கும் அதன் குணத்தை விவரித்தார்கள்.

இதில் நமக்கான செய்தி எளியது. அந்த நொதி சூடு தாங்காது. முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அல்லிசின் பிறக்கும் முன்பே நொதி செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் போட்டால், அதற்குள் வேலை நடந்து முடிந்திருக்கும். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பூண்டு லேசாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. லேசாக என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். அழுத்த மாத்திரைக்கு மாற்றாக அதை வைக்க முடியாது.

அல்லிசின் தோலையும் சும்மா விடாது. என் தங்கை ஒருமுறை காலில் வந்த படைக்குப் பச்சைப் பூண்டை அரைத்துப் பூசித் துணி சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டாள். காலையில் துணியை எடுத்தால் சுடுநீர் கொட்டியதுபோல் கொப்புளம். படை ஆற மூன்று நாள், கொப்புளம் ஆற மூன்று வாரம். இயற்கையானது என்பதால் அது மென்மையாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். கிராம்பு எண்ணெயும் இப்படித்தான், நேரடியாக ஈறில் பட்டால் புண்ணாக்கும். வேறு சமையல் எண்ணெயில் ஓரிரு துளி கலந்து பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும்.

பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் நாள்கணக்கில் வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் ஒரு பாக்டீரியா, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் வளர்ந்து போட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் இப்படி வைத்த பூண்டெண்ணெயால் பலர் பாதிக்கப்பட்டார்கள். வேண்டும்போது கொஞ்சமாகச் செய்து அன்றைக்கே தீர்த்துவிடுவது உத்தமம்.

வயிற்றுக்கு வேண்டியவை

சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம், புதினா இந்த ஐந்தையும் ஒரு கூட்டமாக நினைத்துக்கொள்ளலாம். குடல் சுவரில் உள்ள தசை இறுகி, உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும்போது வயிறு உப்பி வலிக்கிறது. இவற்றின் எண்ணெய்கள் அந்தத் தசையைத் தளர்த்துகின்றன, வாயு பிரிகிறது, வலி விடுகிறது. சோம்பில் அந்த வேலையைச் செய்வது அனெத்தோல், ஓமத்தில் தைமால். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் சேர்க்கிற அதே தைமால்தான். ஒரு கால் டீஸ்பூன் ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மென்றால் போதும். ஆனால் தசை தளர்வதில் ஒரு சிக்கலும் உண்டு. இரைப்பையின் மேல்வாய்த் தசையும் சேர்ந்து தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

வெந்தயத்தின் நார் குடலில் கூழ்போல் பரவிச் சர்க்கரை ரத்தத்துக்குள் நுழையும் வேகத்தைக் குறைக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைத் தினமும் சேர்க்க ஆரம்பித்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கக்கூடும், அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூழ் மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. வெந்தயம் சாப்பிட்ட மறுநாள் வியர்வையில் இனிப்பான ஒரு வாசம் வந்தால் பயப்படாதீர்கள், சோட்டோலோன் என்ற பொருள் அப்படியே வெளியேறுவதுதான்.

பட்டையில் இரண்டு வகை. கனமாக, ஒரே அடுக்காகச் சுருண்டிருப்பது கேசியா. காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் சுருட்டுபோல் சுருண்டு, விரலால் நொறுக்க முடிவது உண்மையான இலவங்கப்பட்டை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் பல மடங்கு அதிகம், அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் எடுக்கும் கேசியா 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சமையலில் போடுவதற்கு இந்தக் கணக்கு வேண்டாம், தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்களுக்குத்தான்.

அதிமதுரத்தின் இனிப்பு தொண்டைக்கு இதமானது. அதில் உள்ள கிளைசிரைசின் நாள்கணக்கில் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். ஜாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். 5 கிராம் அளவுக்குப் போனால் படபடப்பும் மனப்பிரமையும் வரும்.

சமையலறையில் இருக்கும் பொருள்களிலேயே அதிக உயிர்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், மசாலா எதையும் நான் சொல்லமாட்டேன். உப்பும் சர்க்கரையும். 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை குடலுக்குள் போகும்போது சோடியத்தையும் கையோடு இழுத்துப் போகிறது, அதன் பின்னால் தண்ணீர் போகிறது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். வயிற்றுப்போக்கு என்றால் கஷாயத்தைத் தேடுமுன் கை இதற்குப் போக வேண்டும். உப்பை மட்டும் கூட்டிவிடாதீர்கள், ஆபத்து.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

கைக்குழந்தைகளுக்கு இந்த மசாலா மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. முன்பு சொன்ன அதே பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம், பெரியவர்கள் குடல் தாங்கிவிடும், குழந்தையின் குடல் தாங்காது. கிராம்பு எண்ணெய் சில மில்லி உள்ளே போனதிலேயே சிறு குழந்தைகள் மயக்கத்துக்கும் கல்லீரல் செயலிழப்புக்கும் ஆளாகியிருக்கிறார்கள், கைக்கு எட்டாமல் வையுங்கள். மென்தால் உள்ள தைலத்தைக் குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சுக்குழல் திடீரென்று இறுகலாம். அன்னாசிப்பூவிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய வகை ஒன்று பார்க்க அச்சு அசல் இதேபோல் இருக்கும், ஆனால் நஞ்சு. அப்புறம், ஆவி பிடிப்பது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் ஏராளம். சிறுவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது மிளகை. கொஞ்சம் முன்பு மஞ்சளுக்கு உதவிய அந்தக் குணம் மருந்துகளிலும் நடக்கும். பைப்பரின், மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகளைத் தடுக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், அழுத்தத்துக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவை ரத்தத்தில் தேவைக்கு மேல் தங்கிவிடலாம். சமையலில் சேரும் மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை, பைப்பரின் சேர்த்த மாத்திரைகளும் தினசரி மிளகுக் கஷாயமும்தான் கேள்வி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சளை மருந்தளவில் எடுக்கும் முன் கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் ஒரு வாரம் முன்பே பூண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவர் "வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது கஷாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் அதை மருந்தென்றே நினைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

என்னை மிகவும் பதற வைப்பது வேறொன்று. நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, கை அல்லது தாடைக்குப் பரவுகிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது. "வாயுதான்" என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக் காத்திருப்பார்கள். மாரடைப்பில் அந்த அரை மணி நேரம்தான் உயிர். நெஞ்சுவலி என்றால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், மூச்சு வாங்குவது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், பல்வலியோடு முகம் வீங்குவது, இவையெல்லாம் வீட்டு மருந்தின் எல்லைக்கு வெளியே.

டப்பாவைத் திறந்து பாருங்கள்

உள்ளே இருப்பது என்ன என்ற முதல் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இருந்தது இன்னும் இருக்கிறதா? மணம் தரும் எண்ணெய் பறக்கக்கூடியது என்பதால் காலம் போகப்போகக் காலியாகும். பொடித்தால் காற்றுப் படும் பரப்பு பல மடங்காகி இன்னும் சீக்கிரம் போய்விடும். முழு விதையும் பட்டையும் இரண்டு மூன்று வருடம் தாங்கும், பொடி சில மாதம்தான். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைப்பது கைக்கு வசதி, ஆனால் சூடும் ஆவியும் சேருமிடம் அது. இருட்டான, உலர்ந்த மூலையில், இறுக மூடும் பாத்திரத்தில் வையுங்கள். முழுசாக வாங்கி, வேண்டும்போது இடித்துக்கொள்வது எப்போதும் மேல்.

உங்கள் வீட்டுக் கிராம்பு எப்படி என்று தெரிய ஒரு சோதனை. ஒன்றை எடுத்து அதன் காம்பில் நகத்தை அழுத்துங்கள், நல்ல கிராம்பானால் லேசாக எண்ணெய் கசியும். அல்லது நாலைந்தை ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். எண்ணெய் உள்ளவை மூழ்கும், அல்லது தலை மேலே தெரியச் செங்குத்தாக நிற்கும். எண்ணெய் போன கிராம்பு, குச்சிபோல் படுத்து மிதக்கும். படுத்து மிதப்பவற்றை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வையுங்கள். பல்வலி பெரும்பாலும் கடை மூடிய பிறகுதான் வருகிறது.